தலையில் அடிபட்டவரை இல்லத்தில் விட்டிருக்கிறீர்களா? சொல்லாமல் போய்ப் பாருங்கள்!

ஸ்கூட்டரில் போனவர் ரோட்டில் விழுகிறார். தலையில் பலத்த அடி. ஆம்புலன்சு தூக்கிக்கொண்டு ஓடுகிறது. சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கிறது. உயிர் பிழைத்து விடுகிறார். "ஆள் பிழைச்சதே போதும்" என்று வீட்டார் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது!

அந்த ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவை டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் தொடங்கினார். மண்டையைத் திறந்து உயிரைக் காப்பாற்றும் வைத்தியம் அன்று முதல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் அரசு திட்டமும் 2021 டிசம்பரில் வந்துவிட்டது. ஆனால் பிழைத்தவரை 10 வருஷம், 20 வருஷம் வைத்துப் பராமரிக்கும் வேலை அந்த வேகத்தில் வளரவில்லை.

மனைவி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பெற்றோருக்கு வயதாகிவிட்டது. வீடோ ஒண்டுக்குடித்தனம். "எங்களால முடியலீங்க" என்று ஒருநாள் ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மாதம் பிறந்தால் பணம் கட்டுகிறார்கள்.

அந்தப் பணத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது? யார் போய்ப் பார்ப்பது?

சாட்சி சொல்ல ஆள் இல்லை

காலில் அடிபட்டவரை இல்லத்தில் விட்டால், "இவங்க சோறு போடறதில்லை" என்று அவரே சொல்லிவிடுவார். தலையில் அடிபட்டவர் கதை வேறு.

ஆளைப் பார்த்தால் நன்றாக இருப்பார். காலையில் நடந்தது மத்தியானம் ஞாபகம் இருக்காது. சாப்பிட்டுவிட்டு "சாப்பிடலை" என்பார். சாப்பிடாமலேயே "ஆச்சு" என்பார். மூளையின் முன்பகுதியில் அடிபட்டிருந்தால் சாதுவான மனிதர் கூட திடீரென்று கத்துவார், கையை ஓங்குவார். சிலருக்குப் பேச்சே வராது.

இவரை ஒருவர் அடித்தால்? புகார் சொன்னாலும் "அவருக்குத் தலையில அடிங்க, ஏதோ உளர்றார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பாதிக்கப்பட்டவரே சாட்சி சொல்ல முடியாத இடம் இது. அதனால் இங்கே சோதனை செய்கிறவரின் கண்தான் உள்ளே இருப்பவருக்கு வாய்.

சங்கிலியோடு கருகிய 28 பேர்

யாரும் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை தமிழ்நாடு ஒருமுறை கண்டது.

2001 ஆகஸ்டு 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மன நோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தின் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லை. 28 பேர் பலியானார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. வழக்கின் பெயரிலேயே "சங்கிலியிட்ட 25 பேர் சாவு" என்று இருக்கிறது. வழக்கு பதிவானபோது கணக்கு 25. பிறகு 28 ஆனது.

இதில் வேதனை என்ன தெரியுமா? அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. மன நல மருத்துவமனைகளுக்கு லைசென்சு வேண்டும், அதிகாரிகள் சோதனை போட வேண்டும் என்று 1987-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. சங்கிலி காலில் இருந்தது. தீ விபத்து நடந்த பிறகுதான் ஏர்வாடியில் இருந்த அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. அங்கிருந்தவர்களில் பலரை சென்னைக்குக் கொண்டுவந்து கீழ்ப்பாக்கம் மன நல மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் வந்த மன நலப் பராமரிப்புச் சட்டம் கண்டிப்பானது. எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சொந்தத் துணியை உடுத்த விரும்பினால் விட வேண்டும். கூலி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. ஒருவரை அசையவிடாமல் கட்டிவைப்பது வேறு வழியே இல்லாத ஆபத்தான நேரத்தில் மட்டும்தான். அதற்கும் மன நல டாக்டரின் அனுமதி வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். பதிவு பெற்ற நிலையங்களை 3 வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும். புகார் வந்தால் இடையிலும் சோதனை போடலாம்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லம் நடத்தப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே சோறு தண்ணீர் கொடுக்காமல் விட்டால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை ஜெயில்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. இந்தச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அதில் "தலைக்காயம்" என்று தனியாக ஒரு வகை இல்லை. கை கால் விழுந்திருந்தால் ஒரு வகை, புத்தி தடுமாறினால் இன்னொரு வகை என்று வேறு வேறு தலைப்பில்தான் நுழைய வேண்டும். இல்லம் நடத்துகிறவரும் வாசலில் "முதியோர் இல்லம்" என்றோ "ஆதரவற்றோர் ஆசிரமம்" என்றோ ஒரு போர்டு மாட்டிவிட்டால், "இது நம்ம இலாகா இல்லை" என்று ஒரு ஆபீஸ் அடுத்த ஆபீசைக் கை காட்டும்.

அதனால் சேர்க்கும் முன்பே முதல் கேள்வி இதுதான்: "எந்தச் சட்டத்தில பதிவு பண்ணியிருக்கீங்க? சான்றிதழைக் காட்டுங்க." காட்டினால் தேதியையும் பாருங்கள். காலாவதி ஆகியிருக்கலாம்.

தேடி வந்தவரால் அம்பலம்

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஆசிரமத்தில் அதிகாரிகளும் போலீசாரும் சோதனை போட்டார்கள். 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். உரிய அனுமதி இல்லாமல் இல்லம் நடந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள்.

சோதனைக்கு வித்திட்டது எது? அங்கே சேர்த்துவிட்ட ஒரு முதியவரைப் பார்க்க அவரைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். ஆள் இல்லை. வேறு ஊர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அங்கேயும் இல்லை. விஷயம் ஆட்கொணர்வு மனுவாக ஐகோர்ட்டுக்குப் போனது. அதன் பிறகுதான் கதவு திறந்தது!

சோதனை முறை பலமாக இருக்கும் நாட்டிலும் இதே பாடம்தான். இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களைச் சோதிக்க தனி ஆணையம் இருக்கிறது. சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். பாதுகாப்பு எப்படி, அன்பாக நடத்துகிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா என்று பார்த்து மார்க்கு போடுவார்கள். அந்த மார்க்கை இல்லத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஆனாலும் 2011-ல் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களை ஊழியர்கள் அடித்து உதைத்ததை பி.பி.சி. டெலிவிஷன் ரகசிய கேமராவில் படம் பிடித்துக் காட்டியது. அங்கே வேலை பார்த்த ஒரு நர்சு அதற்கு முன்பே புகார் சொல்லியிருந்தார். ஆணையம் அதைக் கவனிக்கவில்லை. பிறகு 11 ஊழியர்கள் தண்டனை பெற்றார்கள்.

ஆக, அதிகாரி பார்ப்பார் என்று சும்மா இருக்க முடியாது. வீட்டாரும் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது?

முன்கூட்டி போன் போட்டுவிட்டுப் போனால் தரை பளபளக்கும், ஊதுபத்தி மணக்கும், உங்கள் ஆளுக்குத் தலை சீவி பவுடர் போட்டிருப்பார்கள். மயங்கிவிடாதீர்கள். ஆபீஸ் ரூமில் உட்காரவைத்து காபி கொடுத்தால் குடித்துவிட்டு உள்ளே நடங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போவது நல்லது. மூளையில் அடிபட்ட பலருக்கு விழுங்குவதில் தகராறு இருக்கும். படுத்தபடி ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்காரவைத்து, குழைவாகப் பிசைந்து, நிதானமாக ஊட்டுகிறார்களா? ஒரே ஆள் 10 பேருக்கு அவசர அவசரமாகத் திணிக்கிறாரா?

படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் பாருங்கள். இடுப்பு, பிட்டம், குதிகால் சிவந்திருக்கிறதா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் படுக்கைப் புண் வராது. வந்திருந்தால் ராத்திரி யாரும் எழுந்திருக்கவில்லை என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது.

மருந்து நோட்டைக் கேளுங்கள். வலிப்பு மாத்திரை ஒருநாள் கூட விட்டுப்போகக் கூடாது. எந்த நேரம், யார் கொடுத்தார், கையெழுத்து எங்கே? ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே பேனாவில், ஒரே மாதிரி கையெழுத்து இருந்தால் அது அப்போதுதான் எழுதிய நோட்டு!

பகல் 11 மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் கேளுங்கள். கத்தாமல் இருக்க தூக்க மருந்து கொடுத்துப் படுக்கப்போடுவதும் ஒருவகைச் சங்கிலிதான்.

கழிவறைக்குப் போய்ப் பாருங்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? தரை வழுக்குகிறதா? ஏற்கனவே அடிபட்ட தலை இன்னொரு முறை தரையில் மோதக் கூடாது. யாராவது விழுந்தால் எழுதிவைக்கும் நோட்டு உண்டா?

ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள்? தீப்பிடித்தால் வெளியேற வழி எது? அந்தக் கதவின் சாவி யாரிடம்?

இன்னொன்று. அவர் நாள் முழுவதும் என்ன செய்கிறார்? பயிற்சி கொடுத்தால் அடிபட்ட மூளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கேயோ வேறு இடத்திலோ பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார்களா? இல்லை, சுவரைப் பார்த்து உட்காரவைத்திருக்கிறார்களா? சட்டையில் பட்டன் போட தானாகவே பழகிக்கொண்டிருந்தால் அந்த இல்லத்துக்கு ஒரு சபாஷ் போடலாம்.

கடைசியாக, ஆயாவோ வேலைக்காரரோ அவரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெயர் சொல்லியா, "ஏய்" என்றா?

நல்லவர்களும் இருக்கிறார்கள்

சம்பளம் குறைவு, வேலை கடினம், ராத்திரி தூக்கம் கிடையாது. ஆனாலும் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிற ஊழியர்கள் உண்டு. நல்ல இல்லத்துக்கு அடையாளம் சுலபம். "எப்ப வேணும்னாலும் வாங்க" என்பார்கள். "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மட்டும்தான்" என்று சொல்கிற இடத்தில்தான் யோசிக்க வேண்டும்.

யாரிடம் சொல்வது?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் சொல்லலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு.

மாற்றுத்திறனாளிக்குக் கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், சொந்தக்காரர்தான் என்று இல்லை, யார் வேண்டுமானாலும் அந்தப் பகுதி நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் தகவல் கொடுக்கலாம் என்கிறது 2016-ம் வருஷத்துச் சட்டம். ராத்திரி அலறல் சத்தம் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரர், எதிரே டீக்கடை வைத்திருப்பவர், தினம் பால் போடுகிறவர் - எல்லோருக்கும் இந்த உரிமை உண்டு.

மாதப் பணத்தை மணியார்டரிலோ போனிலோ அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நேரில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு வீட்டார் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நேரே போய்க் கதவைத் தட்டுங்கள்!