பத்திரம் எழுதுவோரும் வக்கீல் தொழிலும்

சேர்வராயன் மலையின் இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்திற்கு இறங்கி வரும் குடியானவர், நிலத்தைப் பற்றி ஓர் ஏற்பாடு செய்ய விரும்பினால் முதலில் நாடுவது வக்கீலை அன்று, பத்திரம் எழுதுபவரையே. வக்கீல் கூட்டத்தைச் சேர்ந்த நமக்கு இது சற்று வருத்தந்தான். எனினும் அதில் பிசகொன்றுமில்லை. 1982-ஆம் வருஷத்து ஆவண எழுத்தர் உரிம விதிகளின்படி லைசென்ஸ் பெற்றவர் பத்திரம் எழுதச் சர்க்காரே அனுமதித்திருக்கிறது.

ஆனால், அந்த அனுமதி எதுவரை செல்லும்? 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டம், வக்கீல்களைத் தவிரப் பிறர் அத்தொழிலை நடத்தலாகாது என்கிறது. உரிமையின்றிக் கோர்ட்டிலோ அதிகாரிகள் முன்போ தொழில் நடத்துபவருக்கு 45-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. வழக்காடுவது மட்டுமே வக்கீல் தொழில் என்று எண்ணியிருந்தவர்களுக்குப் பாலாஜி வழக்கு ஓர் எச்சரிக்கை. அந்நிய நாட்டு வக்கீல்களைப் பற்றி எழுந்த அவ்வழக்கில், 2018 மார்ச்சு 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சட்ட யோசனை கூறுவதும் ஆவணம் தயாரிப்பதுங்கூட அத்தொழிலில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே பத்திர எழுத்தரின் லைசென்ஸ் எழுதுவதற்கு மட்டுமே குடை. யோசனை சொல்வதற்கு அன்று.

ஓர் உதாரணம் கொள்வோம். மூதாட்டி ஒருவர், "என் காலத்திற்குப் பின் காடு மகனுக்குப் போகட்டும்" என்கிறார். அவர் மனத்தில் இருப்பது உயில். எப்பொழுது வேண்டுமானாலும் மாற்றலாம், ரிஜிஸ்தர் செய்வதும் கட்டாயமன்று. பழக்கதோஷத்தால் எழுத்தர் செட்டில்மெண்டு எழுதிவிட்டாலோ, சொத்து அன்றே கை மாறுகிறது. பிற்பாடு அவர் இஷ்டப்படி ரத்துச் செய்ய இயலாது. எந்தப் பத்திரம் என்று தீர்மானித்த அக்கணமே எழுத்தர் எல்லை தாண்டிவிட்டார். "அம்மா, இதை ஒரு வக்கீலிடம் கேட்டு வாருங்கள், அவர் சொன்னபடி எழுதித் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் பழியுமில்லை, பாவமுமில்லை. மேலும், கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைச் சாட்சியச் சட்டம் காக்கிறது. பத்திர எழுத்தரிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு இல்லை. இதை அவரே முதலில் தெரிவித்துவிடுவது நன்று.

சட்ட ஆலோசகர் என்று பலகை தொங்கவிடுவதும், பிராது தயாரிப்பதும், தாசில்தார் விசாரணையில் கட்சிக்காரருக்காகப் பேசுவதும் கூடவே கூடாது. கேஸ் அனுப்பி வக்கீலிடம் கமிஷன் பெறுவது இன்னும் ஆபத்து. 2023-ஆம் வருஷத்துத் திருத்தம் அத்தகைய தரகருக்கென்றே வந்தது. கமிஷன் கொடுக்கும் நம்மவர்களும் இதைச் செவிமடுப்பார்களாக.

வக்கீலுக்குக் கொடுக்க ஏழைக்குப் பணமேது என்று எழுத்தர்கள் கேட்பது நியாயமே. ஆனால் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கும் ஷெட்யூல்டு பழங்குடியினருக்கும், வருமானம் எதுவாயினும், இலவச உதவி பெறத் தகுதியுண்டு. அம்மலையில் வாழும் மலையாளிக் குடிகள் அப்பட்டியலில் உள்ளவர்களே. சேலத்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் விலாசத்தைப் பத்திர எழுத்தர் ஒவ்வொருவரும் தம் கடைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.