முனகும் ஸ்டியரிங்: பம்பை மாற்றும் முன் காதைத் தீட்டுங்கள்

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் இருந்து ஜூரு வரைக்கும் சாலையோரப் பட்டறைகளைப் பார்த்துக்கொண்டே போனால், மைவி, சாகா வரிசைக்கு நடுவில் எப்போதாவது ஒரு பழைய மஸ்டாங்கோ இம்பாலாவோ கண்ணில் படும். நீளமான மூக்கு, பளபளக்கும் பம்பர். பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக மனசு வராது.

சொந்தக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால்தான் கதை வேறு. "ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்குங்க. பம்பு போயிருச்சாம். அமெரிக்காவுலேர்ந்து பார்ட்ஸ் வரணும்" என்று பெருமூச்சு விடுவார்.

ஜப்பான் காருக்கு என்றால் ஹாஃப்கட் கடையில் தேடி எடுத்துவிடலாம். பழைய அமெரிக்கக் காருக்கு அந்த வழி இல்லை. டாலரில் விலை, கப்பல் செலவு, வாரக்கணக்கில் காத்திருப்பு. இவ்வளவுக்கும் பிறகு வந்து இறங்கிய பம்பை மாட்டினால், பழைய முனகல் அப்படியே கேட்கும். பழுது பம்பில் இருந்தால்தானே தீரும்? அதனால்தான் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: எது கெட்டது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். வானொலியில் எனக்குக் காதுதான் தொழில். பவர் ஸ்டியரிங்கும் பாதி நோயைச் சத்தத்திலேயே சொல்லிவிடும்.

25 வருடம் காத்திருந்த கண்டுபிடிப்பு

பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். பெரிய வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்ப உதவும் கருவியை 1926-இல் ஒரு காரில் பொருத்திக் காட்டினார். ஆனால் 1930-களின் பொருளாதார மந்தத்தில் அது கார்களில் விற்பனைக்கு வரவில்லை. 1951-இல்தான் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே காடிலாக்கும் சேர்ந்துகொண்டது.

தத்துவம் எளிது. எஞ்சின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் பக்கத்துக்கு ஒரு வால்வு அந்த எண்ணெயைத் திறந்துவிடுகிறது. கனத்தை எண்ணெய் தாங்க, உங்கள் கை வழி காட்டினால் போதும்.

குனிந்து பாருங்கள்

பழைய அமெரிக்கக் கார்களில் இரண்டு வகை அதிகம். 1960-களின் மஸ்டாங்கில் ஸ்டியரிங் பாக்ஸ் சாதாரணமானதுதான். உதவி செய்யும் வால்வும், முன்பக்கம் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரும் வெளியே தனித்தனியாக இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் பல கார்களில் வந்த சாகினாவ் பாக்ஸில் எல்லாமே ஒரே பெட்டிக்குள் அடக்கம்.

எந்த வகை என்று தெரியாமல் ஆர்டர் போடக்கூடாது. இன்னொன்று, இங்கே ஓடும் கார்களில் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றப்பட்டவையும் உண்டு. இடப்பக்கக் காருக்குச் செய்த ஸ்டியரிங் பாக்ஸும் இணைப்புத் தண்டுகளும் அதில் உட்காராது. ஹோஸ் நீளமும் மாறியிருக்கலாம். பழைய பாகத்தைப் படம் எடுத்து, அதில் வார்த்திருக்கும் எண்ணையும் சேர்த்து விற்பவருக்கு அனுப்பிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சத்தம் சொல்லும் சேதி

*கீச்சென்ற அலறல்:* எஞ்சினை முடுக்கியதும், அல்லது ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது கேட்டால் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான். தளர்ந்திருக்கும், அல்லது வழவழப்பாகித் தேய்ந்திருக்கும். மொத்தத்தில் மலிவான பழுது இது.

*முனகல்:* பம்பின் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தாலோ நுரைத்திருந்தாலோ உள்ளே காற்று போகிறது. பம்புக்கு எண்ணெய் திரும்பிவரும் குழாயின் கிளிப்பு தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான். இதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் பம்பையே தூக்கி எறிகிறார்கள்.

*ஸ்ஸ் என்ற சீற்றம்:* ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பியதும் கேட்டால் பயப்பட வேண்டாம். மிஞ்சிய அழுத்தத்தை ஒரு வால்வு விடுவிக்கிறது. ஆனால் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், எண்ணெய் கொதித்துவிடும்.

*டக் டக்:* இது பெரும்பாலும் எண்ணெய் சம்பந்தப்பட்டதே அல்ல. டை ராட் முனையோ போல் ஜாயிண்ட்டோ தேய்ந்திருக்கும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. முனகும் ஸ்டியரிங் கையைத்தான் வலிக்க வைக்கும், கழன்ற ஜாயிண்ட் உயிரையே வாங்கிவிடும்.

சத்தமே இல்லாமல் கனக்கிறதா? முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். மஸ்டாங்கில் எஞ்சினை முடுக்கியதும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா? வால்வு நடுநிலையில் இல்லை என்று அர்த்தம். அதன் முனை மூடிக்குள் இருக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்யலாம். புது வால்வே தேவைப்படாமல் போகலாம்.

கசிவு இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, மற்றவர் கையை உள்ளே விடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். அதனால் சொட்டும் இடம் ஒன்றாகவும் கசியும் இடம் வேறாகவும் இருக்கும்.

மாற்றும்போது எதில் சிக்கனம் கூடாது?

பம்பு, வால்வு, சிலிண்டர் மூன்றுக்கும் சீல் கிட் கிடைக்கிறது. உள்ளே உலோகம் கீறாமல் இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். சிறிய பொட்டலம், கப்பல் செலவும் குறைவு. கைதேர்ந்த போமன் ஒருவருக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆனால் அழுத்தக் குழாயில் மட்டும் காசு பார்க்காதீர்கள். டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு சொச்சம். இந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பவுண்டு அளவுக்கு ஏறும். தண்ணீர்க் குழாயை வெட்டி கிளிப்பு போட்டு ஒப்பேற்றினால், வெடித்து, கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேல் எண்ணெய் பீய்ச்சும். தீப்பிடிக்க அது போதும். அசல் குழாய் கிடைக்காவிட்டால், ஹைட்ராலிக் ஹோஸ் செய்யும் கடையில் பழையதைக் காட்டி, இரும்பு முனைகளோடு அச்சாக அடித்து வாங்கலாம். கனரக இயந்திரங்கள் ஓடும் நம் தொழிற்பேட்டைகளுக்கு இது பழகிய வேலைதான்.

பம்பின் கப்பியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றக்கூடாது. பலவற்றில் அதை அழுத்தித்தான் பொருத்தியிருப்பார்கள், புல்லர் வேண்டும். பிட்மன் ஆர்மைக் கழற்றும் முன் இருந்த நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நட்டைக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். டை ராட் நட்டுகளில் இருக்கும் கொட்டர் பின்னைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். சில காசுப் பொருள்தான், ஆனால் நட்டு கழலாமல் காப்பது அதுவே.

பாகத்தை மாட்டியதும் எஞ்சினை முடுக்க அவசரம் வேண்டாம். முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டேண்டில் நிறுத்துங்கள். எண்ணெயை நிரப்பி, எஞ்சின் ஓடாமலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்திருபது முறை மெதுவாகத் திருப்புங்கள். குறையும் எண்ணெயை ஊற்றிக்கொண்டே வாருங்கள். காற்று வெளியேறிய பிறகு முடுக்கினால் புதுப் பம்பு முனகாது. எண்ணெய் எது என்பதையும் கையேட்டில் பாருங்கள். பிரேக் எண்ணெயை மட்டும் மறந்தும் ஊற்றாதீர்கள், சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும்.

பாலத்தில் பெல்ட் அறுந்தால்?

13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் போகும்போது உதவி நின்றுவிட்டால்? பதற வேண்டாம். ஸ்டியரிங் வேலை செய்யும், கனக்கும், அவ்வளவுதான். இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்குங்கள். பல எஞ்சின்களில் அதே பெல்ட் மற்ற பாகங்களையும் சுற்றுவதால் வெப்பமானியையும் கவனியுங்கள்.

அப்பா ஆசையாய் வாங்கிய கார் பல வீடுகளில் துணி போர்த்திக் கிடக்கிறது. "பார்ட்ஸ் கிடைக்காது" என்ற ஒரே வார்த்தையில் அடிமாட்டு விலைக்குப் போன கார்களும் உண்டு. விற்பதா வைப்பதா என்று வீட்டில் பேச்சு எழுந்தால், முடிவு எடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் திறந்து, பெல்ட்டை அழுத்திப் பார்த்து, எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காரின் சத்தம் அவருக்குத்தான் அத்துப்படி.