முதலில் சூடு, பிறகு பால்



கடைவீடுகளின் ஐந்தடியிலும், தோட்டத்து லயங்களின் கொல்லைப்புறத்திலும், அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டடியிலும் பூனைக்குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. சில வேளைகளில் தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டுவிடுகிறது. சில வேளைகளில் யாரோ ஒருவர் குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தை ஓரத்தில் விட்டுப் போய்விடுகிறார். பள்ளிவிட்டு வரும் பிள்ளை ஒன்றைக் கையில் ஏந்தி வந்து, "அம்மா, இதுக்குப் பசிக்குதும்மா" என்று வாசலில் நிற்கிறது. அம்மாவும் மனமிரங்கி, காப்பிக்கு வைத்திருந்த டின்பாலைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டுகிறார். குட்டியும் குடிக்கிறது. இரண்டொரு நாளில் இறந்துவிடுகிறது. "தாயில்லாக் குட்டி எங்கே பிழைக்கும்?" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள்.

பிழைக்கும், நேயர்களே. முறையறிந்து பார்த்துக்கொண்டால் பல குட்டிகள் பிழைக்கும். பாசம் உள்ள வீட்டிலும் அவை மடிவதற்குப் பெரும்பாலும் காரணமாவன மூன்று: குளிர், பொருந்தாத பால், தவறாக ஊட்டும் முறை. இம்மூன்றையும் தவிர்ப்பது எப்படி என்பதையும், குட்டியைப் பால் மறக்கச் செய்து உணவுக்குப் பழக்குவது எப்படி என்பதையும் இன்று பார்ப்போம்.

முதலில் அது உண்மையிலேயே தாயற்றதுதானா என்று அறியவேண்டும். "குட்டி போட்ட பூனை போல அலைகிறான்" என்று நாம் சொல்வதுண்டல்லவா? தாய்ப்பூனை இரை தேடவும் அலையும், குட்டிகளை இடம் மாற்றவும் அலையும். இடம் மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் கவ்விச் செல்லும். மற்றவை தனியே கிடக்கும். எனவே, குட்டி காய்ந்த இடத்தில் கதகதப்பாக, அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். எட்ட இருந்து சில மணி நேரம் கவனியுங்கள். தாய் திரும்பி வந்தால் அதைவிட நல்ல வளர்ப்பு வேறில்லை. மழையில் நனைந்த குட்டியையும், சாக்கடையில் கிடப்பதையும், உடல் குளிர்ந்து ஓயாமல் கத்துவதையும் உடனே எடுத்துவிடலாம்.

எடுத்த குட்டியின் வயதைக் கணிப்பது எளிது. பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். கொப்பூழ்க்கொடி ஒட்டியிருந்தால் பிறந்து சில நாளே ஆகிறது. கண் திறப்பது ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில். தள்ளாடி நடந்து, முன்பற்கள் ஈற்றில் தட்டுப்பட்டால் மூன்று வாரம் என்று கொள்ளலாம். எவ்வளவு பால், எத்தனை முறை என்பதெல்லாம் இந்த வயதையும் எடையையும் பொறுத்தவை.

இனி, பலரும் அறியாத செய்திக்கு வருவோம். குட்டியைக் கையிலெடுத்ததும் பாலைத் தேடி ஓடக்கூடாது. முதலில் அதற்குச் சூடு கொடுக்கவேண்டும். "நம்முடையது வெப்ப நாடாயிற்றே, குளிர் எங்கிருந்து வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இன்னும் வரவில்லை. தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கமும்தான் அதற்குப் போர்வை. அதைச் சுற்றி 30 பாகை செல்சியஸ் அளவு சூடு இருக்கவேண்டும். மின்விசிறி சுழலும் அறையில் சிமெண்டுத் தரையில் தனியே கிடந்தால், நம் நாட்டிலும் அது சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும்.

உடல் குளிர்ந்துவிட்டால் குடல் இயங்காது. அந்நிலையில் புகட்டும் பால் செரிக்காமல் தங்கிப் புளித்து, வயிற்றை உப்பச் செய்யும். விழுங்கும் ஆற்றலும் தளர்ந்திருப்பதால் பால் நுரையீரலுக்குள் புகவும் கூடும். ஆகவே, பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சுண்டு விரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்காதீர்கள்.

சூடேற்றுவதையும் மெல்லச் செய்யவேண்டும். ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, ஒரு போத்தலில் வெந்நீர் ஊற்றித் துவாலையால் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூடு மிகுந்தால் குட்டி அங்கே ஊர்ந்து போகும். "சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது" என்பது பழமொழி. பெரிய பூனை சுட்டால் ஓடிவிடும்; கண் திறவாத குட்டியால் ஓட முடியாது. துணி சுற்றாத போத்தலால் குட்டியின் தோல் வெந்துபோகும். பெட்டி ஆயத்தமாகும்வரை குட்டியைத் துணியோடு மார்பில் அணைத்துக்கொண்டாலே போதும். ஓரிரு மணி நேரத்தில் பாதங்கள் வெதுவெதுப்பாகும். குட்டி அசைந்து தலையைத் தூக்கி முட்டும். அப்போதுதான் பாலுக்கு நேரம். நீர் ஆறினால் மாற்ற மறந்துவிடாதீர்கள். ஆறிய போத்தல் குட்டியின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

எந்தப் பால்? பசும்பால் பொருந்தாது. 100 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 3 கிராம் புரதமே உண்டு. பூனைப்பாலிலோ அதைப்போல் இரு மடங்குக்கு மேல். பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரலாம். 100 கிராம் உடலில் எவ்வளவு நீர்தான் இருக்கும்? ஒரே நாளில் வற்றிவிடும். இனிப்பு டின்பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையே. தேங்காய்ப்பாலும், கைக்குழந்தைக்கு வாங்கும் பால்மாவும் உதவா. வளர்ப்பு விலங்குக் கடைகளிலும் விலங்கு மருத்துவரிடமும் பூனைக்குட்டிக்கென்றே செய்த பால்மாவு கிடைக்கிறது. அதை வாங்கி, டின்னில் சொல்லியுள்ள அளவுப்படியே கரையுங்கள். சிக்கனம் கருதி நீர் கூட்டினால் வயிறு நிறையுமே தவிர உடல் தேறாது.

அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் பால். அதாவது நான்கு தேக்கரண்டி. ஆனால் அதை ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. 100 கிராம் குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு நான்கு மில்லிலிட்டர்தான் வசதியாகக் கொள்ளும். எனவே முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் சேர்த்து ஊட்டவேண்டும். இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை, மூன்றாம் வாரத்தில் நான்கைந்து மணிக்கு ஒருமுறை என இடைவெளியைக் கூட்டலாம். வேலைக்குப் போகும் ஒருவரால் தனியாக இதைச் செய்வது கடினம். வீட்டிலுள்ளவர்கள் முறைவைத்துக்கொண்டால்தான் முடியும். பொறுப்பேற்கும் முன்பே இதைப் பேசி முடிவு செய்வது நல்லது.

ஊட்டும் முறையில்தான் பல குட்டிகளின் உயிர் போகிறது. மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்தி மடியில் கிடத்தாதீர்கள். பால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது குட்டி குப்புறக் கிடந்து, தலையைச் சற்றே நிமிர்த்திக் குடிக்கும். அப்படியே துவாலையின்மேல் குப்புற வைத்து, சிறிய பால்புட்டியால் ஊட்டுங்கள். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக வரவேண்டும். தாரையாக ஒழுகினால் ரப்பரின் துளை பெரிது. பாலின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. புட்டியை அழுத்திப் பீய்ச்சவேண்டாம், குட்டியே உறிஞ்சட்டும். மூக்கின் வழியே பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்துத் துடையுங்கள். பிறகு மூச்சு இரைந்தால் மருத்துவரிடம் கொண்டு செல்லத் தயங்காதீர்கள். குடித்து முடித்ததும் முதுகை மெல்லத் தட்டிக்கொடுங்கள். புட்டியை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவுங்கள்.

மற்றொரு வேலையும் இருக்கிறது. மூன்று வாரம்வரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் தன் நாவால் நக்கித்தான் கழிக்கச் செய்யும். அந்த வேலையை நாம் பஞ்சால் செய்யவேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறை ஊட்டும்போதும் வாலுக்குக் கீழே மென்மையாகத் தடவுங்கள். சிறுநீர் அவ்வப்போதே வரும். மலம் நாளுக்கு ஒருமுறை வந்தாலும் போதும். பாலெல்லாம் சரியாகக் கொடுத்தும் இதைச் செய்யாததால் வயிறு வீங்கி இறந்த குட்டிகள் உண்டு.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று சொல்லும் சாட்சி சமையலறைத் தராசு. நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவாருங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூடினால் கவலையில்லை. ஒரு நாள் கூடாமல் நின்றால் விழித்துக்கொள்ளுங்கள்; குறைந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். குட்டியின் நோய் கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் வாரம் தொடங்கும்போது குட்டி புட்டியின் ரப்பரைக் கடிக்க ஆரம்பிக்கும். பால் மறக்கச் செய்யும் காலம் அதுதான். நம் பிள்ளைகளைப் பால் மறக்க வைக்கும்போது அவசரப்பட்டால் சவலை பாய்ந்துவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பார்கள். குட்டிக்கும் அதே நிதானம் வேண்டும். முதலில், அதே பாலைத் தட்டையான தட்டில் ஊற்றி, விரலால் தொட்டு உதட்டில் தடவுங்கள். மூக்கைத் தட்டில் அமுக்காதீர்கள். பால் மூக்கில் ஏறிவிடும். இரண்டு நாள் கழித்து, குட்டிகளுக்கென விற்கும் ஈர உணவை அந்தப் பாலில் கூழாகக் கரைத்து வையுங்கள். நாளுக்கு நாள் பாலைக் குறைத்து உணவைக் கூட்டிவாருங்கள். வயிறு நிறையும்வரை புட்டிப்பாலும் தொடரட்டும். குடிநீரும் ஆழமற்ற கிண்ணத்தில் இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் குட்டி தானே உண்ணும்.

நம் வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் குழம்புச்சோறும் வைப்பது வழக்கம். பூனை இறைச்சி தின்னும் பிராணி. சோறு மட்டும் அதை வளர்க்காது. டாரின் என்னும் சத்து அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாதது. இது குறைந்தால் விழித்திரை கெடும் என்பதை 1975ஆம் ஆண்டிலும், இதயத்தசை தளரும் என்பதை 1987ஆம் ஆண்டிலும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இச்சத்து சோற்றில் இல்லை. குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரையோ பூனைக்கு நஞ்சு. கால் மாத்திரையும் கொடுத்துவிடாதீர்கள். பூச்சிமருந்தும் தடுப்பூசியும் எப்போது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

சிங்கப்பூர் நேயர்களுக்கு ஒரு செய்தி. வீவக வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல், உரிமம் பெற்று இரண்டு பூனைகள்வரை வளர்க்க வழி செய்யப்பட்டுள்ளது. குட்டி வளர்ந்தபின் கருத்தடை செய்துவிட்டால், நாளை இன்னொரு பெட்டி சந்தை ஓரத்தில் கிடக்காது.

அன்பு நேயர்களே, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிருக்கு நாம் செய்யும் உதவி இரக்கத்தில் தொடங்குகிறது. ஆனால் இரக்கத்தோடு வரிசையும் தெரிந்திருக்கவேண்டும். முதலில் சூடு, அடுத்து ஏற்ற பால், குப்புற வைத்து ஊட்டல், ஈரப்பஞ்சு, நாள்தோறும் தராசு. அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு குட்டியோடு வாசலில் வந்து நிற்கும்போது, அதன் பாதத்தைத் தொட்டுப் பார்க்க முதலில் சொல்லிக்கொடுங்கள்.