வேலிக் கம்பியையும் எடை போட்டு வாங்குங்கள்

ஒரு கிலோ பருப்புக்குத் தராசு முள்ளைப் பார்க்கும் நாம், வீட்டு மனைக்கு வேலி போடும்போது காண்டிராக்டர் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். 10 கேஜ் வலைக்கம்பி என்று பேசி, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தோம். வந்து இறங்கியதோ 12 கேஜ். பணம் அவர் கையில் இருந்ததால் அவர் பேச்சே எடுபட்டது.

கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 10 கேஜ் சுமார் 3.25 மி.மீ., 12 கேஜ் சுமார் 2.64 மி.மீ. பார்வைக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் அதே நீளத்துக்கு எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எடை போட்டே பிழைக்கும் நமக்கு இது தெரியாமல் போனது வெட்கம்தான்!

எனவே எத்தனை அடிக்கு எத்தனை கிலோ என்று முன்பே எழுதி வாங்கி, சுருள் வந்ததும் எடை போடுங்கள். கண் அளவு, துத்தநாகப் பூச்சு, கால்களின் இடைவெளி ஆகியவையும் சீட்டில் இருக்கட்டும். மூலைக் காலுக்கு முட்டுக்கால் அவசியம். இல்லாவிட்டால் கம்பியை இழுத்துக் கட்டியதும் கால் சாயும். அவர் இரண்டு மழைக்காலத்துக்கு முன் போட்ட வேலியை நேரில் போய்ப் பாருங்கள். குழி தோண்டுமுன் சர்வேயரை வைத்து அளக்கும்போது பக்கத்து மனைக்காரரையும் அழைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணையை மூலைக் காலை அசைத்துப் பார்த்த பிறகே கொடுங்கள்.