ஆன்டிவைரஸ் முழிக்கிறதுக்கு முன்னாடியே திருடன் உள்ள வந்துட்டா? உங்க லேப்டாப்போட "கல்லணை" பத்திரமா?



ரிட்டர்ன் ஃபைலிங் சீசன்ல தஞ்சாவூர்ல என் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். ஒரத்தநாடு பக்கம் சொந்த ஊர், சென்னையில ஐடி வேலை. "ஃபார்ம் 16 எல்லாம் இதுலதான் சார் இருக்கு"ன்னு ஒரு லேப்டாப்பை எடுத்து வெச்சார். அவரோட அக்காவுக்கு 2012-ல பிளஸ் டூ படிக்கும்போது கிடைச்ச அரசு லேப்டாப்!

ஆன் பண்ணதும் கறுப்புத் திரையில ரெண்டு வரி. ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல எல்காட் மூலமா வந்த மெஷின்களைப் பார்த்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். பாஸ் லினக்ஸ் நம்ம சி-டாக் உருவாக்கினது.

அந்த பிரவுசர்ல தம்பியோட சம்பள அக்கவுன்ட், அப்பாவோட பயிர்க்கடன் வரவு வைக்கிற அக்கவுன்ட், அக்காவோட அக்கவுன்ட், மூணு பாஸ்வேர்டும் சேவ் ஆகியிருந்துச்சு. கேட்டா, "ஆன்டிவைரஸ் இருக்கு, ஓடிபி வருது. என்ன சார் ஆகப்போகுது?"ன்னார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

கல்லணையும் கடைமடையும்

மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணைக்கு வந்துதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியுது. அங்கே யாராவது ஷட்டரை மாத்தி வெச்சுட்டா, கடைமடையில ராத்திரி முழுக்க மண்வெட்டியோட காவல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். பவர் பட்டனை அழுத்தினதும் முதல்ல மதர்போர்டுல இருக்கிற ஃபர்ம்வேர் எழுந்திருக்கும். அது பூட்லோடரைக் கூப்பிடும். பூட்லோடர் விண்டோஸையோ லினக்ஸையோ ஏத்தும். ஆன்டிவைரஸ், பிரவுசர், பேங்க் வெப்சைட் எல்லாம் அதுக்கப்புறம்தான். பூட்லோடர்தான் கல்லணை. ஆன்டிவைரஸ் கடைமடைக் காவல்காரர்.

வரப்பு எங்கே உடையுது?

லினக்ஸ் மெஷின்கள்ல பெரும்பாலும் இந்த வேலையைச் செய்றது க்ரப்ங்கிற பூட்லோடர். அது சி மொழியில எழுதினது. சி-யில ஒரு தகவலுக்கு மெமரியில இவ்வளவு இடம்னு ஒதுக்குவாங்க, நம்ம வயலுக்கு வரப்பு போடுற மாதிரி. வர்ற தகவல் அந்த இடத்தைவிடப் பெருசா இருந்தா தடுக்கிறதுக்கு மொழியே பொறுப்பேத்துக்காது. புரோகிராம் எழுதுறவர்தான் அளவு பார்க்கணும். பார்க்காம விட்டா, வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள்ள தண்ணி பாயும். பக்கத்துல இருக்கிறது கம்ப்யூட்டர் அடுத்து என்ன செய்யணும்ங்கிற கட்டளையா இருந்தா, அந்த இடத்துல திருடனோட கட்டளை உட்கார்ந்திடும்.

2020 ஜூலைல எக்லிப்சியம் நிறுவனம் வெளியிட்ட "பூட்ஹோல்" இதேதான். க்ரப் தன்னோட செட்டிங் ஃபைலைப் படிக்கும்போது ஒரு வார்த்தை அளவுக்கு மீறி நீளமா இருந்தா, "பெரிய தப்பு"ன்னு கண்டுபிடிக்குது. ஆனா நிறுத்தணும்ல? மெசேஜ் மட்டும் போட்டுட்டு வேலையைத் தொடருது!

அது ஒண்ணோட முடியலை. 2023 டிசம்பர்ல வந்த "லோகோஃபெயில்", ஆன் பண்ணதும் தெரியுற கம்பெனி லோகோ படத்தைப் படிக்கிற இடத்துல இருந்த ஓட்டை. 2025 மார்ச்ல மைக்ரோசாஃப்ட், ஏஐ உதவியோட க்ரப்ல மட்டும் 11 ஓட்டைகளைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சது. ரஸ்ட் மாதிரி மெமரி அளவைத் தானே சரிபார்க்கிற மொழிகள் பக்கம் இப்ப பேச்சு போறதுக்குக் காரணம் இதான்.

கையெழுத்து போட்ட பழைய செக்

"செக்யூர் பூட் இருக்கே?"ன்னு கேட்பீங்க. கையெழுத்து இல்லாத பூட்லோடரை அது உள்ள விடாது. சரிதான். ஆனா கையெழுத்து உள்ள பூட்லோடர்லயே ஓட்டை இருந்தா?

நீங்க கையெழுத்து போட்ட செக் ஒண்ணு தொலைஞ்சுபோச்சு. புது செக்புக் வாங்கிட்டீங்க. பழைய செக் செல்லாம போயிடுமா? ஸ்டாப் பேமென்ட் கொடுக்கிற வரைக்கும் அது செல்லும்! அதே மாதிரி, புது அப்டேட் வந்தாலும் பழைய ஓட்டை பூட்லோடரைத் திருடன் கையோட கொண்டுவந்து போடலாம். "பிளாக்லோட்டஸ்" அதைத்தான் செஞ்சது. 2022 ஜனவரியில சரிசெஞ்ச ஓட்டைதான். ஆனா பழைய ஃபைலோட கையெழுத்தை ரத்து பண்ணலை. அதனால முழுசா அப்டேட் ஆன விண்டோஸ் 11-லயும் அது நுழைஞ்சு டிஃபெண்டரையே அணைக்கும்னு 2023 மார்ச்ல ஈசெட் நிறுவனம் சொன்னது. அப்போ அதோட விலை 5,000 டாலர்.

ரத்து பண்ற பட்டியலும் அப்டேட் மூலமாதான் வருது. அப்டேட்டைத் தள்ளிப்போட்டா, ஸ்டாப் பேமென்ட்டையே தள்ளிப்போடுறீங்க.

பயப்படணுமா?

நம்மள்ல பெரும்பாலானவங்க காசு போறது போலி லிங்க்லயும் ஓடிபி ஏமாத்துலயும்தான். பூட்லோடரைத் தாக்க, திருடனுக்கு அட்மின் அனுமதியோ லேப்டாப்போ கையில வேணும். ஆனா கிராக் சாஃப்ட்வேர் போடும்போது "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" அழுத்துறோமே, அந்த அனுமதியைக் கொடுக்கிறது யாரு? நாமதான்.

செய்ய வேண்டியது (செலவு பெருசா இல்லை)

1. விண்டோஸ் அப்டேட்டோட, லேப்டாப் கம்பெனி வெப்சைட்ல இருந்து பயாஸ் அப்டேட்டும் போடுங்க. சார்ஜர் மாட்டியிருக்கட்டும்.
2. ஸ்டார்ட்ல "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" திறந்து, "செக்யூர் பூட் ஸ்டேட்" ஆன்ல இருக்கான்னு பாருங்க.
3. செக்யூர் பூட்டோட 2011 சான்றிதழ்களுக்கு 2026 ஜூன்ல இருந்து காலாவதி ஆரம்பம். புது 2023 சான்றிதழ் அப்டேட்லதான் வரும். அணைச்சு வைக்காதீங்க.
4. பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடி 48 இலக்க ரெக்கவரி கீயைத் தனியா எழுதி வையுங்க.
5. விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் வெச்சிருந்தா முதல்ல பேக்கப், அப்புறம் லினக்ஸ் அப்டேட், கடைசியா விண்டோஸ் அப்டேட். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் பலருக்கு லினக்ஸ் பூட்டே ஆகலை.
6. அப்டேட் நின்னுபோன மெஷின்ல காசு விஷயம் வேண்டாம். படம் பார்க்கலாம், டைப்பிங் பழகலாம். பேங்கிங்கை அப்டேட் வர்ற போன்ல வெச்சுக்கோங்க.
7. காசு போயிடுச்சா? உடனே 1930-க்கும் பேங்குக்கும் சொல்லுங்க. தப்பு உங்க மேலயும் பேங்க் மேலயும் இல்லாத மோசடியை, பேங்க் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க பொறுப்பு பூஜ்யம்னு ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொன்னது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தா, புகார் சொல்ற வரைக்கும் போனது உங்க நஷ்டம்னும் அதுல இருந்துச்சு.

செக்யூர் பூட் வீட்டு கம்ப்யூட்டர்களுக்குப் பரவலா வந்ததே 2012 கடைசியில, விண்டோஸ் 8-ஓட. அதுக்கு முந்தின லேப்டாப்ல அதைத் தேடிப் பலன் இல்லை. அதனால அந்தத் தம்பியோட ஃபார்ம் 16-ஐ அவர் மெயில்ல இருந்து போன்லயே எடுத்தோம். மூணு பாஸ்வேர்டையும் போன்லயே மாத்தினார். பிரவுசர்ல சேவ் ஆனதை அழிச்சோம். மொத்தம் 20 நிமிஷம். லேப்டாப் இப்ப அக்கா பையனுக்கு கார்ட்டூன் பார்க்க!

இன்னைக்கு ராத்திரி நீங்களும் ரெண்டாவது பாயின்ட்டை மட்டுமாவது செக் பண்ணிடுங்க. ஸ்டெப்ஸ் புரியலைன்னா நம்ம சேனல்ல ஸ்கிரீனோட காட்டுறேன். அடுத்த பதிவுல சந்திப்போம்!