ஸ்வெட்டர் பின்ன ஊசி வாங்கப் போறீங்களா? '8-ம் நம்பர்' குழப்பத்தில் சிக்காதீங்க!

ஊட்டி:

நவம்பர், டிசம்பர் வந்து உறைபனி விழத் தொடங்கினால் போதும். நீலகிரியில் பெட்டிக்குள் கிடந்த ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் வெளியே வந்துவிடும். கடையில் ரெடிமேடாக எத்தனை தொங்கினாலும், பேரனுக்கும் பேத்திக்கும் தன் கையால் ஒன்று பின்னிப் போட வேண்டும் என்று ஆசைப்படும் பெண்கள் இன்றும் உண்டு.

வேலை முடிந்து, சமையல் முடிந்து, ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்து கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் பின்னுவார்கள். ஒரு ஸ்வெட்டர் முடிய 2 மாதம் ஆகும். கடைசியில் போட்டுப் பார்த்தால் 10 வயதுப் பையனுக்குப் பின்னியது அவன் அப்பாவுக்குச் சரியாக இருக்கும்! நூலுக்குக் கொடுத்த காசும் போச்சு, 2 மாத உழைப்பும் போச்சு.

இதில் பல சமயம் பின்னியவர் கையில் தப்பு இல்லை. கடையில் வாங்கிய ஊசியின் நம்பரில்தான் தப்பு.

8-க்கும் 8-க்கும் வித்தியாசம்

'அண்ணே, 8-ம் நம்பர் ஊசி ஒரு ஜோடி கொடுங்க' என்று கேட்டால் நம்ம ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 4 மி.மீ. கனம் உள்ள ஊசி. இது பழைய பிரிட்டிஷ் கணக்கு.

ஆனால் செல்போனில் பார்க்கிற வீடியோ அமெரிக்காவில் எடுத்ததாக இருந்தால் அதில் சொல்லும் 8-ம் நம்பர் ஊசி 5 மி.மீ. கனம். ஒரே நம்பர், ஒரு மி.மீ. வித்தியாசம். 10-ம் நம்பர் என்றால் இன்னும் மோசம். பிரிட்டிஷ் கணக்கில் அது 3.25 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 6 மி.மீ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

காரணம் எளிதுதான். பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். இரண்டும் ஒத்துப்போகிற இடம் 7-ம் நம்பர். இரண்டிலும் அது 4.5 மி.மீ.

கம்பிக் கணக்கு

நம்பர் ஏறினால் ஊசி ஏன் மெலிய வேண்டும்? மோட்டார் காயில் கட்டுபவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். 14 கேஜ் கம்பியைவிட 22 கேஜ் கம்பி மெல்லியது. ஊசி நம்பரும் அந்தக் கம்பிக் கணக்கில் இருந்து வந்ததுதான்.

நகைப் பட்டறையில் ஓட்டைத் தகடு வழியாக கம்பியை இழுத்து இழுத்து மெலிதாக்குவார்கள் அல்லவா? அதுபோல எத்தனை தடவை இழுத்தார்களோ அதையே கம்பிக்கு நம்பராக வைத்தது பழைய வழக்கம். அதிக தடவை இழுத்தால் அதிக நம்பர், கம்பியும் மெல்லிசு. பிரிட்டனில் 1884-ல் இந்த கேஜ் அளவு சட்டப்படி நிலையான அளவாக ஆனது. அந்தக் கணக்கில் 8 கேஜ் கம்பி சுமார் 4 மி.மீ., 10 கேஜ் கம்பி சுமார் 3.25 மி.மீ., 14 கேஜ் கம்பி சுமார் 2 மி.மீ. ஸ்வெட்டர் ஊசியிலும் 8, 10, 14 நம்பர்களுக்கு இதே அளவுதான்.

சாதாரண சைக்கிள் போக்ஸ் கம்பியும் சுமார் 2 மி.மீ. கனம்தான். ஊசி வாங்க வசதி இல்லாத காலத்தில் அந்தக் கம்பியின் நுனியைத் தேய்த்து, அதை வைத்தே பின்னியவர்கள் உண்டு.

வீட்டு வாசலிலேயே ஊசி

இதில் இன்னொரு வேடிக்கை. நம்ம கடைகளில் கிடைக்கும் 'போனி' ஊசிகள் தயாராவது ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள கேத்தியில்தான். 1949-ல் தொடங்கப்பட்ட நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஊசி நம்ம ஊர்ச் சரக்கு. ஆனால் நம்பரில் மட்டும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிறோம்.

தப்பிக்க ஒரே வழி, நம்பரை விட்டுவிட்டு மி.மீ. கேட்பது. '8-ம் நம்பர்' என்று கேட்காமல் '4 மி.மீ. ஊசி' என்று கேளுங்க. பாக்கெட்டிலோ ஊசியின் தலையிலோ அளவு போட்டிருக்கும். வீட்டில் பழைய ஊசி கிடந்து, அதில் எழுத்து அழிந்துபோயிருந்தால் லேத் வேலை பார்ப்பவரிடம் கொடுங்க. வெர்னியரில் வைத்து ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

வெட்டி வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு:

3.25 மி.மீ. - பிரிட்டிஷ் 10, அமெரிக்க 3
3.75 மி.மீ. - பிரிட்டிஷ் 9, அமெரிக்க 5
4 மி.மீ. - பிரிட்டிஷ் 8, அமெரிக்க 6
4.5 மி.மீ. - இரண்டிலும் 7
5 மி.மீ. - பிரிட்டிஷ் 6, அமெரிக்க 8
6 மி.மீ. - பிரிட்டிஷ் 4, அமெரிக்க 10

ஊசியிலும் பல ரகம் இருக்கு. 'உல்லன் ஊசி' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கொக்கி வைத்த குரோஷா ஊசியை எடுத்து நீட்டக்கூடும். ஸ்வெட்டர் பின்ன வேண்டியது கொக்கி இல்லாத ஜோடி ஊசி. புதிதாகப் பழகுபவர்களுக்கு மூங்கில் ஊசி நல்லது, நூல் வழுக்காது. கை பழகிய பிறகு அலுமினிய ஊசி வேகம் கொடுக்கும்.

1 மி.மீ. செய்யும் வேலை

ஊசியில் விழும் ஒவ்வொரு சுருக்கும் ஒரு கண்ணி. நடுத்தர கனமுள்ள நூலில் 4 மி.மீ. ஊசியால் பின்னினால் 10 செ.மீ. அகலத்துக்கு சுமார் 22 கண்ணி வரும். மார்புச் சுற்று 90 செ.மீ. வேண்டும் என்றால் 198 கண்ணி போட வேண்டும்.

அதே நூலை 5 மி.மீ. ஊசியால் தளர்வாகப் பின்னி, 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. அப்போது அந்த 198 கண்ணி 110 செ.மீ. அகலம் ஆகிவிடும். ஸ்வெட்டர் 20 செ.மீ. பெருத்துப்போகும்!

அதனால்தான் கைதேர்ந்தவர்கள் முதலில் 15 செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னுவார்கள். அதைத் துவைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணுவார்கள். சொன்ன கணக்கைவிட கண்ணி குறைந்தால் மெல்லிய ஊசி, கூடினால் தடித்த ஊசி மாற்ற வேண்டும். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம். ஒரு ராத்திரி வேலைதான், ஆனால் 2 மாதத்தைக் காப்பாற்றும்.

நூலில் கவனம்

கடையில் 'உல்லன் நூல்' என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் நூல். அது மட்டமானது இல்லை. விலை குறைவு, துவைப்பது எளிது, குழந்தைத் துணிக்கு ஏற்றது. ஆனால் அதன்மேல் சூடான அயர்ன் பாக்ஸ் வைத்தால் துவண்டு, பழைய வடிவத்துக்குத் திரும்பாது. அசல் கம்பளிக்கு எதிர்க் கண்டம் உண்டு. சுடுதண்ணீரில் போட்டு அலசினால் சுருங்கி, பொம்மைச் சட்டை ஆகிவிடும்.

எது அசல் என்று தெரிய சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பலை விரலால் நசுக்கலாம். அக்ரிலிக் உருகி, கறுப்பாக, கல் போல உருண்டை கட்டும். உருகிய நூல் தோலில் ஒட்டினால் புண்ணாகும், உஷார்.

இன்னொரு முக்கிய விஷயம் லாட் நம்பர். ஒரே கலர் பெயர் இருந்தாலும் வேறு வேறு தடவை சாயம் போட்ட நூலில் நிறம் லேசாக மாறும். கடையில் தெரியாது, ஸ்வெட்டராகப் பின்னி வெயிலில் பார்த்தால் பட்டை அடித்தது போலத் தெரியும். பெரியவர் ஸ்வெட்டருக்கு நடுத்தர நூல் சுமார் 500 முதல் 600 கிராம் தேவைப்படும். மொத்தத்தையும் ஒரே லாட் நம்பரில், ஒரே நாளில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

முதலில் எதைப் பின்னுவது?

எடுத்த எடுப்பிலேயே ஸ்வெட்டரில் கை வைக்க வேண்டாம். முதலில் மப்ளர். 4 மி.மீ. ஊசியில் 44 கண்ணி போட்டால் சுமார் 20 செ.மீ. அகலம் வரும். ஒரே மாதிரி நேர்ப் பின்னலாக 150 செ.மீ. நீளம் போனால் போதும். கண்ணி கொஞ்சம் பெருத்தாலும் சிறுத்தாலும் கழுத்தில் சுற்றும்போது யாருக்கும் தெரியாது.

அடுத்து குல்லா. பெரியவர் தலைச்சுற்று சுமார் 56 செ.மீ. குல்லா இழுபடும் என்பதால் 50 செ.மீ. வைத்து 110 கண்ணி போடலாம். அதற்குப் பிறகு குழந்தை ஸ்வெட்டர். அதில் கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும் கயிறு வைக்கக் கூடாது, குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடும் ஆபத்து உண்டு. பட்டன்களையும் இழுத்தால் வராதபடி தைக்க வேண்டும்.

பிரித்தாலும் வீண் இல்லை

ஏற்கனவே அளவு தப்பிப் பின்னி, பீரோவுக்குள் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். தைத்த துணியை வெட்டினால் வெட்டியதுதான். பின்னிய துணியைப் பிரித்தால் நூல் நூலாகவே திரும்பி வந்துவிடும்.

தையலைப் பிரித்துவிட்டு, முடித்த முனையில் இருந்து நூலை உருவி, நாற்காலி முதுகில் சுற்றுங்க. நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அசைக்காமல் ஊறவைத்து, கீழே லேசான கனம் தொங்கவிட்டு நிழலில் காயப்போடுங்க. சுருள் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அந்த நூலையே, இந்த முறை மி.மீ. பார்த்து வாங்கிய ஊசியில் ஏற்றலாம். அடுத்த உறைபனிக்குள் பேரனுக்கு அளவான ஸ்வெட்டர் ரெடி.