பால்கோவா ஊரில் ஒரு ஈ கூட இல்லை!

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை. தீபம் ஏற்றுகிற ஊர் வேறு சார். இது, சீனிவாசப் பெருமாள் குன்றின் மேல் நிற்கிற, ‘தென் திருப்பதி’ என்று நாங்கள் பெருமை பேசுகிற திருவண்ணாமலை. ராஜபாளையத்திலிருந்து அக்கா குடும்பத்தோடு இருட்டிலேயே கிளம்பிப் போயும், வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தது.

“மாமா, ஹோம் வொர்க்” என்று நோட்டை நீட்டினாள் அக்கா மகள். எட்டாவது படிக்கிறாள். ஐந்தாவது வரை தமிழ் மீடியம். பிறகு இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து “எனக்கு இங்கிலீஷ் வராது” என்பதை, தன் இனிஷியலைச் சொல்கிற மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டீச்சர் கொடுத்த வேலை இதுதான். திருவண்ணாமலையை இங்கிலீஷில், எச் போடாமல், எழுதினால் பதினாலு எழுத்து. அவற்றை வைத்து இருபது இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிக்க வேண்டும். ரன், மேன், மேட் என்று மூன்றோடு வண்டி நின்றிருந்தது. செல்போனில் தட்டினால் நொடியில் பட்டியல் கொட்டும். ஆனால் என் போனில் சார்ஜ் இல்லை. பெருமாள் கருணை!

நான் படித்தது பி.காம். என் இங்கிலீஷை நம்பி யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கையிருப்புக் கணக்கு எழுதத் தெரியும். அதையே செய்தோம். ஏ நாலு, ஐ இரண்டு, என் இரண்டு. எல், எம், ஆர், டி, யு, வி ஆளுக்கு ஒன்று. ஆக மொத்தம் பதினாலு. ஒரு வார்த்தைக்கு இருப்பில் உள்ளதை மட்டும்தான் எடுக்கலாம். ஓவர் டிராஃப்ட் கிடையாது.

அடுத்து, தலையை விட்டுவிட்டு வாலைப் பிடித்தோம். கடைசியில் யு-ஏ-எல் என்று முடிகிற வார்த்தை என்னென்ன? மேனுவல், ஆன்யுவல், ரிச்சுவல், விர்ச்சுவல்! ஐ-ஏ-எல்? ட்ரையல், ட்ரிவியல், மார்ஷியல்! பத்து வார்த்தை ஆனதும் பாப்பாவின் முகத்தில் வெளிச்சம்.

“மாமா, இதுல ஈ இல்லவே இல்லியே?”

நல்ல கேள்வி. இங்கிலீஷில் அதிகமாகப் புழங்குகிற எழுத்து ஈ. 1930-களில் அமெரிக்காவில் வேலையில்லாமல் இருந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக்கலைஞர், செய்தித்தாளை விரித்து வைத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அந்தக் கணக்கில் பிறந்ததுதான் ஸ்கிராபிள். நூறு வில்லையில் ஈ மட்டும் பன்னிரண்டு. எஸ் நாலே நாலு. நிறையக் கொடுத்தால் எல்லாவற்றையும் பன்மையாக்கி சுலபமாக ஜெயித்துவிடுவார்களே!

நம் ஊர்களைப் பாருங்கள். ராஜபாளையத்தில் ஏ மட்டும் ஐந்து, ஈ இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐயும் யுவும்தான். பால்கோவாவுக்குப் பேர் போன ஊரில் ஒரு ஈ கூட இல்லை! அதனால்தான் நம் ஊர்ப் பெயர்களுக்குள் இங்கிலீஷ் வார்த்தை தேடினால் நாக்குத் தள்ளுகிறது. அது பாப்பாவின் குற்றமில்லை.

“சாமி கும்பிட வந்த எடத்துல என்னடா எழுத்துச் சூதாட்டம்?” என்றாள் அக்கா.

அக்கா விளையாட்டாகக் கேட்டதை, ஒரு காலத்தில் பார்லிமெண்டே கவலையோடு கேட்டது. குறுக்கெழுத்து, விட்டுப்போன வார்த்தை என்று பணப் போட்டிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. 1955-ல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. எழுத்துகளைக் கூட்டியும் மாற்றியும் அடுக்குகிற புதிர்களுக்கு மாதத்துக்கு மொத்தம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. 1957-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கம் சொன்னது: இந்தச் சட்டம் சூதாட்டத் தன்மை உள்ள போட்டிகளுக்குத்தான், பெரும்பாலும் திறமையால் ஜெயிக்கிற போட்டிகளுக்கு இல்லை. ஆகவே அக்கா, உன் கேஸ் தள்ளுபடி!

திறமை என்றதும் பாப்பாவுக்கு மறுபடி முகம் வாடியது. “இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சாதானே மாமா வரும்?”

நைஜல் ரிச்சர்ட்ஸ் கதையைச் சொன்னேன். நியூஸிலாந்துக்காரர். 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வாங்கினார். அவருக்குப் பிரெஞ்சில் பேசவே தெரியாது! சில வாரங்கள் உட்கார்ந்து வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போனார், ஜெயித்தார்.

“அப்ப அவருக்கு அர்த்தம் தெரியாதா?”

“தெரியாது.”

“எனக்குப் பாதிக்கு மேல அர்த்தம் தெரியுதே!” என்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. அனிமல், வைட்டமின், மலேரியா, நேச்சுரல், மெயின்டெயின் என்று அவளே உருவினாள். திடீரென்று, “மாமா, நிர்வாணா!” எழுத்தெல்லாம் சரி. இங்கிலீஷ் டிக்ஷனரியில் முக்தி என்று அர்த்தம். கோயில் வரிசையில் கத்திச் சொல்கிற வார்த்தையா அது! “மெதுவாம்மா, மெதுவா” என்றேன்.

எண்ணிப் பார்த்தோம். சரியாக இருபது. நோட்டை மூடப் போனவள் மறுபடி பிரித்தாள்.

“டி, ஏ, எம், ஐ, எல்... தமிழ்! திருவண்ணாமலைக்குள்ள தமிழ் இருக்கு மாமா!”

“ஊர்ப் பேரு, மொழிப் பேரெல்லாம் ஸ்கிராபிள்ல செல்லாதும்மா. டீச்சர் கோடு கிழிச்சிடுவாங்க.”

“கிழிக்கட்டும் மாமா. இருபதுக்கு அப்புறம் இருபத்தொண்ணாவதாத்தானே எழுதுறேன்” என்று எழுதிவிட்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வரிசை நகர்ந்திருந்தது.